ஒரே ஏரி, ஒரே பருந்து: கொன்றுண்ணிப் பறவைகளைப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

பருந்து, கழுகு, வல்லூறு ஆகியவற்றைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றி. அடுத்து, எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். லென்ஸ் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். சரணாலயம் பற்றிய என் பதில் சற்று ஏமாற்றமாக இருக்கலாம்: எங்கும் போக வேண்டாம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஏரிக்கரையையோ மேய்ச்சல் நிலத்தையோ தேர்ந்தெடுத்து, அங்கே வாழும் ஒரு பருந்தைப் பருவம் முழுக்கக் கவனியுங்கள். இந்த வகைப் பறவைகள் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. உட்காரும் கிளை, வேட்டைக்குப் போகும் பாதை, இரையைக் கொண்டுபோய்த் தின்னும் இடம் எல்லாம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தை அறிந்தவர் பறவை வருவதற்கு முன்பே அங்கே இருப்பார். அறியாதவர் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருந்தாலும் பறவையின் முதுகைத்தான் படமெடுப்பார்.

தமிழ்நாட்டுச் சமவெளியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து வாசகர்களுக்கும் பறவைகளும் பருவமும் ஏறக்குறைய இவையேதான்.

முதல் படி: எந்தப் பறவை என்று முடிவு செய்யுங்கள்

தொடங்குவதற்குக் கருந்தோள் பருந்தைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. காகத்தைவிடச் சிறியது. சாம்பலும் வெள்ளையுமான உடல், தோளில் கரும்பட்டை, வளர்ந்த பறவைக்கு இரத்தச் சிவப்பான கண். வயல்வெளியும் புல்வெளியும் உள்ள இடங்களில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. மின்கம்பியிலோ இலையுதிர்ந்த மரத்தின் உச்சியிலோ வெளிப்படையாக உட்காரும். வேட்டையாடும்போது அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பறக்கும் பறவை ஒன்று அசையாமல் நின்று படமெடுக்க நேரம் தருவது எவ்வளவு அரிய வாய்ப்பு! வெட்டுக்கிளி, எலி, ஓணான் என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்பும்.

கைப்பழக்கத்துக்குக் கரும்பருந்தும் செம்பருந்தும் போதும். கரும்பருந்து சென்னையில் மீன் சந்தை, குப்பைமேடு எங்கும் வட்டமிடுகிறது. கருடன் என்று கும்பிடப்படும் செம்பருந்து கடற்கரை, கழிமுகம், பெரிய ஏரிகளில் கிடைக்கும். செம்பருந்தின் இளம்பறவை முழுக்கப் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். வாலைப் பாருங்கள்: செம்பருந்துக்கு நுனி வட்டமாக இருக்கும், கரும்பருந்துக்குப் பிளவுபட்டிருக்கும்.

அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், மார்ச் வரை இருக்கும். நாணல் அடர்ந்த சதுப்புகளில் சேற்றுப் பூனைப்பருந்து. சென்னையில் பள்ளிக்கரணையில் குளிர்காலத்தில் பார்க்கலாம். கரிசல் நிலத்திலும் வறண்ட புல்வெளியிலும் மற்ற பூனைப்பருந்துகள் தரையை ஒட்டித் தாழப் பறந்து தேடும். மீன் உள்ள நீர்நிலைகளில் விராலடிப்பான் வரும். பழவேற்காடு, மரக்காணம், கோடியக்கரை, தனுஷ்கோடி போன்ற கடலோரங்கள் அதற்குப் பிடித்தவை. பாறைமுகடு, உயரமான கோபுரம், நகரத்து அடுக்குமாடி எதிலும் பொரி வல்லூறு உட்காரலாம். அது செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் பாய்ச்சலைப் படமெடுக்கும் ஆசையைச் சில ஆண்டுகள் ஒத்திவையுங்கள்; உட்கார்ந்திருப்பதை எடுத்தாலே பெரிய மகிழ்ச்சி.

காட்டுக் கழுகுகளும் பாறுகளும் தொடக்கக்காரருக்கு உரியவை அல்ல. குறிப்பாக நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கின் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி போடப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று இந்தியாவின் பாறுகளில் பெரும்பகுதி அழிந்தது. 2006 இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்ட பிறகும் அவை மெல்லத்தான் மீள்கின்றன. அவற்றின் கூட்டுப் பகுதியைத் தேடிக் கேமராவோடு யாரும் போகாமல் இருப்பதே அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய உதவி. வனத்துறை வாகனத்தில் போகும்போது தலைக்கு மேலே பறந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கருவி

400 மி.மீ. லென்ஸ் குறைந்தபட்சத் தேவை. 600 மி.மீ. வரை போகும் ஜூம் இருந்தால் வசதி. சிக்மாவும் டாம்ரானும் தரும் 150-600, சோனியின் 200-600, நிக்கானின் 200-500 அல்லது 180-600, கேனானின் 100-500 ஆகியவைதான் இங்கே களத்தில் அதிகம் பார்ப்பவை. 600 வரை எட்டும் ஜூம்கள் பெரும்பாலும் இரண்டு கிலோ அளவில் இருக்கும். வாங்குவதற்கு முன்பு ஒரு நண்பருடையதைக் கையில் பிடித்துப் பத்து நிமிடம் வானத்தைப் பார்த்து நின்று பாருங்கள். கை நடுங்குகிறதென்றால் இலகுவான 100-400 உங்களுக்கு நல்ல படம் தரும். பயன்படுத்திய லென்ஸ் வாங்குவது தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டு ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சகஜம் என்பதால், பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வாங்கிய பின் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.

கேமராவில் முக்கியம் ஃபோகஸ் வேகம். பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் வேலையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கின்றன. பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் அதற்காக வருந்த வேண்டாம்; அதில் எடுத்த அருமையான பருந்துப் படங்கள் உலகில் ஏராளம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட கிராப் சென்சார் கேமரா, பறவையைச் சட்டகத்தில் ஒன்றரை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதால் இந்தப் பொழுதுபோக்குக்கு அது குறை ஆகாது. நிக்கான் பி950 போன்ற நீள ஜூம் கொண்ட சிறிய கேமராக்கள் உட்கார்ந்த பறவைக்கும் அடையாளம் காணவும் நல்லவை. பறப்பதைத் தொடர்வது அவற்றில் கடினம்.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 33 செ.மீ. நீளமுள்ள கருந்தோள் பருந்து 20 மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருக்கிறது. கையில் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 600 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. பறவை சட்டக உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். அதுவே 60 மீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். லென்ஸை 400 இலிருந்து 600 ஆக மாற்றினால் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகும், அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவாகலாம். 60 மீட்டரை 20 ஆக்கினால் மூன்று மடங்கு பெரிதாகும், அதற்குப் பொறுமை மட்டும் போதும்.

முக்காலி பற்றி: உட்கார்ந்த பறவைக்காக நெடுநேரம் காத்திருந்தால் உதவும். பறவையின் பின்னே நடந்தால் தடை. காரின் சன்னலில் வைக்க அரிசியோ பயறோ நிரப்பிய ஒரு துணிப்பை போதும். ஒரு நல்ல 8x42 பைனாகுலரும் கட்டாயம் வாங்குங்கள். கேமரா வழியாக மட்டுமே பார்க்கிறவர்கள் பறவையின் பழக்கத்தைக் கற்பதில்லை.

மூன்றாம் படி: கேமராவை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

களத்தில் பொத்தான்களைத் தேடினால் பறவை போய்விடும். மேனுவல் முறையில் ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறப்பின் அளவு) நீங்கள் வையுங்கள். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விடுங்கள். உட்கார்ந்த பறவைக்கு 1/500 நொடி, மெல்ல வட்டமிடும் பருந்துக்கு 1/1600, சிறகடித்துப் பறப்பதற்கும் இறங்குவதற்கும் 1/2500 முதல் 1/3200, நீரில் பாயும் விராலடிப்பானுக்கு 1/4000. அப்பர்ச்சரை எஃப் 6.3 இல் தொடங்குங்கள். பறவை நெருங்கி வந்தால் எஃப் 8: 600 மி.மீ. இல் 20 மீட்டர் தொலைவில் எஃப் 6.3 தரும் தெளிவின் ஆழம் (முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம்) ஏறத்தாழ 40 செ.மீ. மட்டுமே, விரிந்த சிறகுக்கு அது போதாது.

ஐஎஸ்ஓவைப் பார்த்து அஞ்ச வேண்டாம். 3200 இல் புள்ளி விழுந்த படத்தை மென்பொருள் சரிசெய்யும். 1/640 இல் மங்கிப்போன சிறகை எதுவும் சரிசெய்யாது. அதிகாலையில் ஐஎஸ்ஓவைக் குறைக்க ஷட்டரைத் தாழ்த்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

வெளிச்ச அளவீட்டில்தான் இந்தப் பறவைகள் கேமராவை ஏமாற்றுகின்றன. வெளிறிய வானத்துக்கு எதிரே கரும்பருந்து நிழலுருவமாகிவிடும். கேமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வெளிச்ச ஈடை ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). இருண்ட மரங்களின் முன்னே வெயிலில் பறக்கும் செம்பருந்தின் வெள்ளைத் தலையும் கருந்தோள் பருந்தின் வெள்ளை வயிறும் வெளிறிக் காணாமல் போகும். முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள். பறவை வானத்திலிருந்து மரங்களின் பக்கம் தாழும் ஒவ்வொரு முறையும் இதை மாற்ற வேண்டியிருக்கிறதே என்றால், ஐஎஸ்ஓவையும் நீங்களே நிலையாக வைத்துவிடுங்கள். தெளிந்த வானமும் நிலையான வெயிலும் உள்ள காலைகளில் அதுவே எனக்குப் பிடித்த முறை: பறவையின் மேல் விழும் வெளிச்சம் மாறவில்லை, பின்னணி எப்படி மாறினால் என்ன?

ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டால், பறவை கிளைக்குப் பின்னால் போகும் கணத்தில் கட்டைவிரலை எடுத்து ஃபோகஸைக் காப்பாற்றலாம். லென்ஸில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால் தூரத்துப் பறவைக்கு அதைப் போடுங்கள். ஃபோகஸ் தவறினாலும் லென்ஸ் முழு நீளமும் தேடி அலையாது. மின்னணு ஷட்டர் சத்தமில்லாதது, ஆனால் மெதுவாகப் படிக்கும் சென்சார்களில் வேகமான சிறகு வளைந்து விழும். அத்தகைய கேமராவில் பறக்கும் பறவைக்கு இயந்திர ஷட்டரே நல்லது. சென்சாரின் மூலத் தரவை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுங்கள், வேகமான கார்டு போடுங்கள்.

நான்காம் படி: வெயிலும் காற்றும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

பறவை காற்றை எதிர்த்தே கிளம்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். அந்தரத்தில் நிற்கும்போதும் முகம் காற்று வரும் திசையில் இருக்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களை நோக்கிப் பறக்கும். காற்று முகத்தில் பட்டால் வால்தான் கிடைக்கும். அத்துடன் வெளிச்சமும் உங்கள் பின்னாலிருந்து வந்தால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும், சிறகின் அடிப்பக்கம் வரை நிறம் தெரியும். காற்றும் வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வரும் நேரத்தையும் இடத்தையும் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

தமிழ்நாட்டின் குளிர்காலம் இதற்கென்றே அமைந்தது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. டிசம்பர், சனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறது. பறவையின் கிளைக்குக் கிழக்கே, மேற்கைப் பார்த்து நின்றால் வெயில் இடத்தோளுக்குப் பின்னாலும் காற்று வலத்தோளுக்குப் பின்னாலும் இருக்கும். பறவை கிளம்பினால் உங்கள் பக்கமாகவே கிளம்பும். மாலையில் சூரியன் மேற்கே போய்விடும், கடலோரங்களில் காற்று கிழக்கிலிருந்தே வீசிக்கொண்டிருக்கும். பறவை முகத்தில் நிழல் விழும் அல்லது வால் தெரியும். அதனால் கிழக்குக் கரையோர ஊர்களில் குளிர்காலக் காலைதான் நேரம். கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் கணக்கு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக வீசும். அப்போது மாலையில் மேற்கே நின்று கிழக்கைப் பார்த்தால் வெயிலும் காற்றும் உங்கள் முதுகில். அந்தக் காற்றில் கருந்தோள் பருந்து அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

எப்போதும் தரையில் இருக்கும் புல்லையும் துணிக்கொடியையும் பார்த்துக் காற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். வானிலைச் செயலி சொல்லும் திசை ஏரிக்கரையில் மாறியிருக்கலாம்.

நேரம்: சூரியன் உதித்து இரண்டரை மணி நேரம் வரை. அதற்கு மேல் தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பத் தொடங்கும். பெரிய கழுகுகள் அதில் ஏறிப் புள்ளியாகிவிடும். அதே சூட்டில் தரையை ஒட்டிய காற்று அலையாடும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவை, எந்த லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மங்கலாக வரும். லென்ஸைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோகும் பலருடைய உண்மையான பிரச்சினை இந்தக் கானல்தான். காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்து எடுப்பதும் இதே மங்கலைத் தரும், கூடவே லென்ஸில் பனிபடர வைக்கும். ஏசியை அணைத்துவிட்டு வியர்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கேமரா இல்லாமல் சில காலைகள்

தேர்ந்தெடுத்த இடத்துக்கு முதல் சில தடவை பைனாகுலரும் குறிப்பேடும் மட்டும் கொண்டுபோங்கள். எந்தக் கிளை, எந்த நேரம், எந்தப் பக்கமாக வேட்டைக்குப் போனது, எங்கே திரும்பியது, காற்று எங்கிருந்து வந்தது: இவற்றை எழுதுங்கள். ஒரு வாரத்திலேயே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

கிளம்பப் போகும் பறவை முன்கூட்டியே சொல்லும். இறகுகளை ஒருமுறை சிலிர்த்து உதறும். எச்சமிடும். உடலை முன்னே சாய்க்கும், தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளக்கும். எச்சமிட்டதைக் கண்டதும் ஷட்டர் வேகத்தை உயர்த்தி, பறவையைச் சட்டகத்தின் நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி, சிறகு விரிய இடம் விடுங்கள். ஜூமையும் கொஞ்சம் குறைக்கலாம். கிளம்பும் கணத்தில் சிறகு வெட்டுப்பட்டுப்போன படங்களே தொடக்கக்காரர்களிடம் அதிகம்.

கருந்தோள் பருந்து உட்கார்ந்திருக்கும்போது வாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அந்தரத்தில் நின்ற பிறகு படிப்படியாகத் தாழும். கால்கள் தொங்கி, சிறகுகள் மேல்நோக்கி உயர்ந்துவிட்டால் அடுத்த நொடியில் புல்லுக்குள் இறங்கும். பூனைப்பருந்துகள் வயலை வரிசை வரிசையாக அளந்து பறக்கின்றன; ஒரு வரப்பின் மேல் இப்போது போனது அதே வழியில் மறுபடி வர வாய்ப்பு அதிகம். துரத்தாதீர்கள், அந்த வரப்பின் ஓரத்தில் தாழ உட்கார்ந்துவிடுங்கள். விராலடிப்பான் நீருக்கு மேலே தயங்கி நின்று கால்களை முன்னே நீட்டிப் பாயும். மீனோடு எழுந்தவுடன் உடலை உதறித் தண்ணீரைச் சிதறடிக்கும், மீனின் தலை முன்னே இருக்கும்படி பிடியைத் திருத்திக்கொள்ளும். பாய்ச்சலைத் தவறவிட்டவருக்கு அந்த உதறல் இரண்டாவது வாய்ப்பு. எனக்கு முதலாவதைவிட அதுவே பிடிக்கும்.

தோப்புகளில் மறைந்து வேட்டையாடும் சிறிய கொன்றுண்ணியான வைரியைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது எளிது. தோப்பில் அணில்கள் விடாமல் கத்தினால், தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஓலமிட்டால், கரிச்சான் எதையோ மேலிருந்து கொத்தித் துரத்தினால், அங்கே இலைகளுக்குள் வைரி உட்கார்ந்திருக்கக் கூடும். காகங்கள் சூழ்ந்து விரட்டும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: நெருங்குவது

நேராக நடந்து போகிற மனிதனை எந்தப் பருந்தும் வேட்டைக்காரனாகவே கருதும். அதே பருந்து, கரையில் போகும் டிராக்டரையும் மேயும் மாட்டையும் பொருட்படுத்துவதில்லை. கார்தான் நல்ல மறைவிடம்: மெல்ல ஓட்டி, பறவையைத் தாண்டிச் சற்றுத் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சன்னல் வழியாக எடுங்கள். கதவைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. கார் இல்லாதவர் சாய்வான கோணத்தில், நின்று நின்று, பறவையை உற்றுப் பார்க்காமல் போக வேண்டும். மங்கலான நிறச் சட்டை போதும். இலை போட்ட உடைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

பறவை இறகு கோதுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறதா? இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு மெலிந்து நிமிர்கிறதா? நில்லுங்கள். தணியவில்லையென்றால் பின்வாங்குங்கள். பசியோடு இருக்கும் வலசைப் பறவையை ஒவ்வொரு கிளையிலிருந்தும் எழுப்பிக்கொண்டே போவது அதன் வேட்டை நேரத்தைத் திருடுவதாகும். இன்று விட்டுவிட்டால் நாளை அதே கிளையில் இருக்கும்.

மனிதர்களிடமும் நெருக்கம் வேண்டும். வயலுக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள், நாற்றங்காலில் கால் வைக்காதீர்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். பருந்து எந்தப் பனையில் உட்காரும் என்று ஆடு மேய்ப்பவருக்கும் மீனவருக்கும் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. விமான நிலையம், கடற்படைத் தளம், அணுமின் நிலையம் ஆகியவற்றின் அருகே நீள லென்ஸைத் தூக்கவே கூடாது. மீன்பிடித் துறைமுகங்களில் கேட்டுவிட்டே எடுங்கள்.

ஏழாம் படி: பறப்பதைப் பிடிப்பது

மீன் சந்தையின் மேல் வட்டமிடும் கரும்பருந்துகளிடம் பழகுங்கள். கால்களைச் சற்று அகட்டி, பறவை வந்து சேரும் என்று நினைக்கும் திசையில் பாதங்களை வைத்து, இடுப்புக்கு மேலே திரும்புங்கள். இடக்கை லென்ஸின் முன்பகுதியைத் தாங்கட்டும், முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்கட்டும். பறவையைக் கண்ணால் பார்த்தபடியே கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். கேமராவுக்குள் போய் வானத்தில் தேடினால் கிடைக்காது. ஜூமைக் குறைவாக வைத்துப் பறவையைப் பிடித்து, பிறகு நீட்டுங்கள். தொலைவில் இருக்கும்போதே ஃபோகஸ் செய்துகொண்டு அதன் வேகத்திலேயே திரும்புங்கள். பறவை பக்கவாட்டுக்கு வரும்போது சின்னச் சின்னத் தொடர்களாக எடுங்கள். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி, சரியான கணத்தில் கேமரா நின்றுபோகும்.

தலைக்கு நேர் மேலே பறப்பதை எடுப்பதில் பயன் குறைவு. வயிறும் நிழலும்தான் வரும். பாலம், ஏரிக்கரை மேடு, மலைப்பாதை வளைவு போன்ற உயரத்தில் நின்றால் பருந்து கண்மட்டத்தில் கடக்கும். நீர்நிலையில் இருப்பவர் அதற்கு மாறாகத் தரையோடு தாழலாம். பின்னணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாகக் கரையும். மின்கம்பியில் உட்கார்ந்த பருந்தைப் படமெடுக்க எனக்கு விருப்பமில்லை என்றாலும், அது கிளம்பும் கணத்துக்காகக் கம்பியின் கீழ் காத்திருப்பேன்.

எட்டாம் படி: தொடக்கூடாத எல்லைகள்

கூட்டைப் படமெடுக்காதீர்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கிறது. சட்டத்தை விடுங்கள்: தாய் எழுந்துபோன சில நிமிடங்களில் நம் ஊர் வெயிலில் குஞ்சு வெந்துபோகும், அல்லது காகம் வந்து தூக்கிப்போகும். காகத்துக்குக் கூட்டைக் காட்டிக்கொடுப்பதே சில நேரம் நீங்கள் அங்கே நின்றதுதான். செம்பருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டில் இருக்கும் என்பதால் குளிர்காலத்தில் தென்னை, ஆலமர உச்சிகளைக் கவனித்து விலகியே இருங்கள். அந்தி நேரத்தில் புல்வெளித் தரையில் கூட்டமாக அடையும் பூனைப்பருந்துகளையும் வெளிச்சம் போட்டு எழுப்பக் கூடாது.

இறைச்சித் துண்டு வீசிப் பருந்தை வரவழைக்கும் பழக்கம் பல இடங்களில் பரவியிருக்கிறது. மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் படகுகள் செம்பருந்துகளுக்குக் கோழித்தோல் வீசிப் பழக்கியது அறியப்பட்ட கதை. வேட்டையாடத் தெரிந்த பறவையைப் படகுச் சத்தத்துக்குக் காத்திருக்க வைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. நூலில் கட்டிய எலியை வைத்து எடுப்பது கொடுமை. ஒலிப்பதிவு போட்டு அழைப்பதும் வேண்டாம். டிரோனை எந்தக் கழுகும் எதிரியாகவே பார்க்கும்; தாக்கப் போய்க் காயமடையும்.

ஒன்பதாம் படி: வீடு திரும்பிய பின்

அன்றே கார்டை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். தேர்வு செய்யும்போது முதலில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கண் தெளிவில்லாத படம் எவ்வளவு அழகான சிறகோடு இருந்தாலும் ஒதுக்குங்கள். அடுத்து சிறகின் நிலை. முழுக்க மேலே அல்லது முழுக்கக் கீழே இருக்கும் கணங்களுக்கு உயிர் அதிகம்; நடுவில் கிடைமட்டமாக நிற்கும் சிறகு, பறவையைக் குச்சியாக்கிவிடும். திருத்தத்தில் வெளிச்சம், நிழல், இரைச்சல் நீக்கம், வெட்டல் போதும். இல்லாத வானத்தை ஒட்டுவதும் கண்ணுக்குச் சிவப்பு ஏற்றுவதும் ஆவணத்தைக் கெடுக்கும்.

வெளியிடுவதற்கு முன் கோப்பிலிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். மாவட்டப் பெயர் போதும். அரிய கழுகு ஒன்றின் கிளை ஊருக்கே தெரிந்தால் அடுத்த ஞாயிறு அங்கே இருபது கார்கள் நிற்கும்.

அதே நேரம், பார்த்ததைப் பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்டு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேருங்கள். பூனைப்பருந்துகளில் பெண்பறவைகளை இனம் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். முகத்தைச் சுற்றிய வெளிர் வளையமும் சிறகின் அடிப்பக்கப் பட்டைகளும் தெரியும் ஒரு மங்கலான படம், சுவரில் மாட்ட உதவாவிட்டாலும், அந்த நிலத்தில் எந்த இனம் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பதற்குச் சான்றாகும். அத்தகைய படங்களைத் தேதி, இடம் எழுதித் தனி ஃபோல்டரில் வையுங்கள். அழிக்காதீர்கள்.